காவற்கூண்டா, காவல் சாவடியா, காவலரணா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலில் காவலாளிக்காகச் சிறிய அறை ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். அதன் பலகையில் தமிழில் என்ன எழுதுவது என்பதில் சங்க உறுப்பினர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ‘காவற்கூண்டு’ என்றால் விலங்கை அடைப்பது போலிருக்கிறது என்கிறார் ஒருவர். ‘காவல் சாவடி’ போதும் என்கிறார் இன்னொருவர். இலங்கைச் செய்திகளில் வரும் ‘காவலரண்’ கம்பீரமாக இருக்கிறது என்பது மூன்றாமவர் வாதம். எதை எழுதுவது? ‘காவல்’ என்ற சொல்லை அடுத்து எப்போது ‘ற்’ வரும்?

பதில்: மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள்தாம். ஆனால் காவல் செய்பவர் அந்த இடத்தில் நிற்கிறாரா, உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறாரா, வருகிற வண்டியை மறிக்கிறாரா, துப்பாக்கியோடு எதிரியை எதிர்பார்த்திருக்கிறாரா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். உங்கள் காவலாளி செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் மூன்றில் எதுவுமே முழுமையாகப் பொருந்தவில்லை.

முதலில் கூண்டு. மாவட்ட ஆட்சியர் மாளிகை, நீதிபதிகள் குடியிருப்பு, ஆயுதப்படை வளாகம் போன்றவற்றின் வாயிலில் மூன்று பக்கம் அடைத்து, முன்பக்கம் திறந்து, மேலே கூரை போட்டு, ஓர் ஆள் துப்பாக்கியோடு நிற்க மட்டும் இடம் விட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் ‘காவற்கூண்டு’ என்பது மிகப் பொருத்தமான பெயர். அங்கே நிற்பதைக் காவல் துறையினர் ‘பாரா’ என்பார்கள். ‘பாரா பணியில் இருந்த காவலர்’ என்று நாளிதழ்களிலும் படிக்கிறோம். கூண்டு என்றதும் எலிக்கூண்டும் குற்றவாளிக் கூண்டும் நினைவுக்கு வருவதால் உங்கள் உறுப்பினர் தயங்குகிறார். ஆனால் சாட்சி சொல்பவர் ஏறி நிற்பதும் கூண்டுதான். திண்டுக்கல்லிலும் தஞ்சாவூரிலும் கடிகாரத்தைத் தாங்கி நிற்பதும் மணிக்கூண்டுதான். அச்சொல்லில் இழிவு எதுவும் இல்லை. உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் வேறு: நாற்காலி, மேசை, வருகைப் பதிவேடு, சாவிப் பலகை எல்லாம் வைத்து, கதவைச் சாத்தக்கூடிய இடம் அறைதானே தவிரக் கூண்டு ஆகாது.

சாவடி என்பது பழைய தமிழ் ஊர்களில் நாலு பேர் கூடும் பொது இடம். வழிப்போக்கர் தங்கும் இடமும் அதுவே. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லிச் சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என அடுத்தடுத்து ஊர்ப்பெயர்களில் இச்சொல் நிலைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் அதன் பொருள் இன்னொரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி ஆகிய மூன்றிலும் ஓர் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. பொதுமக்கள் வரிசையில் வந்து நின்று, காட்ட வேண்டியதைக் காட்டி, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே ‘காவல் சாவடி’ என்று பலகை வைத்தால், புதிதாக வருகிறவர் அதைக் காவல் துறையினுடையது என்று எண்ணக்கூடும். காவல் நிலையத்தின் கிளையாக இயங்குவதற்குப் ‘புறக்காவல் நிலையம்’ என்ற தனிப்பெயர் இருக்கிறது. அதையும் தனியார் இடத்துக்குப் பயன்படுத்தலாகாது.

‘காவலரண்’ குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காவல், அரண் என்ற இரண்டும் சேர்ந்த இச்சொல்லைத் தமிழ்நாட்டில் நாம் அதிகம் எழுதுவதில்லை. இலங்கைத் தமிழில் போர்க்காலம் முழுவதும் அன்றாடம் புழங்கியது. மணல் மூட்டைகளும் மண் அணையும் மரக்குற்றிகளும் கொண்டு படையினர் அமைத்த நிலையே அங்கே காவலரண். முன்னரங்கக் காவலரண், இராணுவக் காவலரண் என்றெல்லாம் செய்திகளில் வரும். பேச்சில் அதையே ‘சென்றி’ என்பார்கள். ஊர் நடுவே, சந்தி முனையில், பள்ளிக்கூட வாசலில் அத்தகைய நிலைகளைக் கடந்து வாழ்ந்தவர்களுக்கு அச்சொல் கம்பீரமாக ஒலிக்க வழியில்லை. உங்கள் குடியிருப்பிலேயே ஈழத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கலாம். போர், எல்லை, படைமுகாம் பற்றி எழுதும்போது இதைவிடத் துல்லியமான சொல் கிடைக்காது. பால்காரரும் கூரியர் பையனும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு இது வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும், பலகைக்காக அகராதியைப் புரட்டுபவர் கண்ணில் படக்கூடிய வேறு சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்கள் ஏறியிருந்த உயரமான காவலிடத்துக்கு இதணம், கழுது, பரண் என்று பெயர்கள் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் வரும் இதணம் மரத்தின்மேல் கட்டப்பட்டது, புலியும் அஞ்சக்கூடியது. உயரம்தான் இச்சொற்களின் உயிர். தரையில் இருக்கும் அறையைப் பரண் என்றால், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய அண்டா குண்டாக்கள்தான் நினைவுக்கு வரும். ஞாயில் என்பது கோட்டை மதிலின்மேல் மறைந்து நின்று அம்பு எய்வதற்கான உறுப்பு. வரலாற்று நூலுக்கு ஆகும், வாயிலுக்கு ஆகாது. காவற்கூடம் என்ற சொல்லை மட்டும் அறவே தவிருங்கள். பழைய உரைநடையில் அதற்குச் சிறை என்று பொருள். ‘நீதிமன்றக் காவல்’ என்கிறோமே, அந்தக் காவல் அது.

அப்படியானால் உங்கள் பலகையில் என்ன எழுதுவது? ‘காவலாளி அறை’ என்பதே என் பரிந்துரை. ‘காவலர் அறை’ என்று மரியாதையாக எழுதலாமே என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் ‘காவலர்’ என்பது காவல் துறையில் ஒரு பதவியின் பெயர். ‘காவலர் குடியிருப்பு’ என்ற பலகையைக் கண்டு அங்கே வாட்ச்மேன்கள் வசிப்பதாக யாரும் நினைப்பதில்லை. பன்மையில் எழுத விரும்பினால் ‘காவலாளிகள் அறை’ எனலாம். பேச்சில் எல்லாரும் ‘செக்யூரிட்டி ரூம்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள், அது இருக்கட்டும்.

இனி ‘ற்’ பற்றி. காவலுக்கு உரிய கூண்டு என வேற்றுமைப் பொருளில் இரு சொற்கள் சேரும்போது, முதற்சொல்லின் ஈற்றில் உள்ள ‘ல்’ வல்லினத்துக்கு முன் ‘ற்’ ஆகத் திரியும் என்பது நன்னூல் விதி. அதன்படி காவற்கூண்டு, காவற்சாவடி, காவற்பரண் என்பன வரும். உயிரெழுத்து வந்தால் திரிபு இல்லை. காவலறை, காவலரண் என இயல்பாகச் சேரும். தகரம் வந்தால் அதுவும் சேர்ந்து மாறி, காவல் தெய்வம் ‘காவற்றெய்வம்’ ஆகிவிடும். மெல்லினத்துக்கு முன் ‘ன்’ வந்து, காவல் மாடம் ‘காவன்மாடம்’ ஆகும். விதியை விடாப்பிடியாகப் பிடித்தால் காவல் நிலையமே அடையாளம் தெரியாமல் போகும் என்பதால், இக்கால உரைநடையில் பிரித்து எழுதுவதை யாரும் பிழை என்பதில்லை. காவல் சாவடி என்று இடம் விட்டு எழுதினாலும் சரியே. சுங்கச்சாவடியைப் பார்த்துக் ‘காவல்ச் சாவடி’ என்று எழுதுவதுதான் தவறு. ‘ல்’ என்ற மெய்யை அடுத்து அங்கே ‘ச்’ மிகாது. ‘காவலாளி அறை’ என எழுதினால் உங்கள் பலகைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை; நடுவில் மட்டும் ஓர் எழுத்தளவு இடம் விடச் சொல்லி ஓவியரிடம் கொடுங்கள்.