வேலைய விட்டுட்டு படிக்கலாமா?

அக்கா வணக்கம். நான் டிகிரி முடிச்சுட்டு ஏசிசிஏங்கற அக்கவுண்டன்ட் படிப்பு படிச்சிட்டு இருக்கேன், அஞ்சு பேப்பர் முடிஞ்சிருக்கு. ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டா சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. நாள் பூரா இன்வாய்ஸ் என்ட்ரியும் ஃபைலிங்கும் தான். வீட்டுக்கு வந்தா புக்க தொறக்கக்கூட தெம்பு இல்ல. கூட படிக்கிறவங்க வேலைக்கே போகாம ஒரே தடவைல மூணு பேப்பர் எழுதுறாங்க. நானும் வேலைய விட்டுட்டு எல்லாத்தையும் முடிச்சுட்டு அப்புறமா நல்ல வேலை தேடலாமா?
– ஒரு வாசகர்

தம்பி, விடாதீங்க. மொதல்ல இத சொல்லிடறேன்.

ஏசிசிஏல 13 பேப்பர் பாஸ் பண்ணிட்டா மட்டும் மெம்பர் ஆயிட முடியாது, 36 மாசம் வேலை அனுபவமும் காட்டணும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்த 36 மாசம் பரீட்சைக்கு முன்னாடி இருக்கலாம், நடுவுல இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம். உங்களுக்கு அதுல நாலு மாசம் ஏற்கனவே ஓடிடுச்சு. வேலைக்கே போகாம எல்லா பேப்பரையும் முடிச்சவரு அன்னிக்குத்தான் மொத நாள்ல இருந்து எண்ண ஆரம்பிப்பாரு, அதுவும் இதே இன்வாய்ஸ் என்ட்ரி சீட்ல இருந்துதான்.

நான் இத சும்மா சொல்லல. ஆடிட் பேப்பர வேலைக்குப் போகாம முழு நேரமா உக்காந்து படிச்சு எழுதினேன், 46 வந்துச்சு. பாஸ் மார்க் 50. புக்ல இருந்த கண்ட்ரோல், அதாவது தப்பு நடக்காம இருக்க ஆபீஸ்ல வைக்கிற சோதனைங்க, எல்லாம் தலைகீழா தெரியும், ஆனா கேள்வில ஒரு கம்பெனி கதைய குடுத்து இங்க என்ன தப்பு நடக்குதுன்னு கேட்டா எனக்கு கண்ணுல படல, ஏன்னா நான் ஒரு ஆபீஸ்ல பில் எப்படி உள்ள வந்து எப்படி வெளிய போகுதுன்னு பாத்ததே இல்ல. அப்புறம் வேலைல சேர்ந்து பர்சேஸ் பில் பாக்க ஆரம்பிச்சேன். ஒரு நாள் சப்ளையர் 100 பெட்டிக்கு பில் அனுப்பியிருக்காரு, நம்ம ஆர்டரும் 100 தான், ஆனா குடோன்ல சரக்கு வாங்கினவரு கையெழுத்து போட்ட சீட்டுல 96ன்னு இருக்கு. கை கீபோர்டுலயே நின்னுடுச்சு. அப்படியே ஏத்தியிருந்தா வராத நாலு பெட்டிக்கு பணம் போயிருக்கும். ஆர்டர், சரக்கு சீட்டு, பில் மூணையும் ஒத்துப் பாக்கணும்னு புக்ல எத்தனை தடவை படிச்சிருப்பேன், அன்னிக்குத்தான் ஏன்னு புரிஞ்சுது. அடுத்த தடவை அதே பேப்பர் பாஸ்.

நீங்க வெறும் டைப்பிங்னு நெனைக்கிற வேலைக்குள்ள இவ்ளோ இருக்கு. 31ஆம் தேதி சரக்கு வந்துடுச்சு, பில் 5ஆம் தேதிதான் வருது, அந்த செலவு எந்த மாசத்துக்கு? உங்க சீனியர் மாசக் கடைசில ஒரு என்ட்ரி போட்டு அடுத்த மாசம் 1ஆம் தேதி அதையே திருப்பி போடுவாங்க பாருங்க, ஏன்னு கேளுங்க. அதுதான் அக்ரூவல், பில் வராட்டியும் செலவ அது நடந்த மாசத்துலயே எழுதறது.

முடிஞ்சா பேங்க் ரீகன்சிலியேஷன, அதாவது பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம்ம கணக்கையும் ஒத்துப் பாக்கற வேலைய, கேட்டு வாங்கிக்கோங்க. இதவிட நல்ல வாத்தியார் எனக்கு தெரிஞ்சு இல்ல. 540 வித்தியாசம் வருதுன்னு வைங்க. மொதல்ல பாதியா ஆக்கி 270ன்னு ஒரு தொகை இருக்கான்னு தேடணும், டெபிட்ல போட வேண்டியத கிரெடிட்ல போட்டிருக்கலாம். இல்லன்னா 9ஆல வகுத்து பாருங்க, மீதி இல்லாம போகுதுன்னா எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 4,820அ 4,280ன்னு அடிச்ச மாதிரி. ஒரு தடவை இப்படி கண்டுபிடிச்சீங்கன்னா அந்த சந்தோஷத்துலயே ரெண்டு மணி நேரம் படிப்பீங்க.

தெம்பு இல்லங்கறீங்க, அது நெஜம், நான் மறுக்கல. ராத்திரி படிப்ப விட்டுடுங்க. காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், அதுவும் படிக்கறதுக்கு இல்ல, கேள்வி போட்டு பாக்கறதுக்கு. ஞாயித்துக்கிழமை கடிகாரத்த வச்சு ஒரு முழு பேப்பர். வருஷத்துக்கு நாலு தடவை பரீட்சை இருக்கு, ஒரு தடவைக்கு ஒரு பேப்பர் போதும், மத்தவங்க மூணு எழுதட்டும். மாசக் கணக்கு முடிக்கிற வாரத்துல படிக்க முடியலன்னு வருத்தப்படாதீங்க, அந்த வாரம் யாராலயும் முடியாது, டைம் டேபிள்லயே அத காலியா விட்டுடுங்க. பரீட்சை தேதிய புக் பண்ண அன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லி லீவ் எழுதிக் குடுத்துடுங்க, கடைசி வாரத்துல போய் கேட்டா அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க. அந்த 36 மாசக் கணக்குக்காக செஞ்ச வேலைய மாசா மாசம் எழுதி சூப்பர்வைசர்கிட்ட காட்டி அப்ரூவல் வாங்கிடுங்க, அவங்க வேலை மாறிப் போயிட்டா அப்புறம் அலையணும்.

ஒரு வருஷம் கழிச்சும் இதே ஃபைலிங் தான், கேட்டாலும் வேற எதுவும் தரல, பரீட்சைக்கு லீவும் இல்லன்னா அப்ப வேற கம்பெனி பாருங்க, கண்டிப்பா பாருங்க. ஆனா இன்னொரு வேலைய கைல வச்சுகிட்டு மாறுங்க. அடுத்து எந்த பேப்பர் எழுதப் போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே? ஆடிட்னா எனக்கு எழுதுங்க, என் பழைய நோட்ஸ அனுப்பறேன்.