உரம் கலக்கும் இயந்திரங்கள் துருப்பிடிக்காமல், தேயாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டவர் புதிதாகக் கலப்பு உர யூனிட் போட்டவராகத்தான் இருக்கும். மழை நெருங்கும்போதுதான் இந்தக் கவலை வரும். நான் பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, கங்கைகொண்டான் பக்கம் அப்படியொரு யூனிட்டில் 19 வருஷம் இருந்தவன். யூரியா, டிஏபி, பொட்டாஷ் கலந்து குருணையாக்குகிற சின்ன இடம். அமோனியா பிளான்ட், ஆசிட் பிளான்ட் விவகாரமெல்லாம் நான் பேசவில்லை. பெரிய எஞ்சினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

ஓடுகிற மிஷின் தேயும். நிற்கிற மிஷினைத்தான் துரு தின்னும். 30 டிகிரி வெப்பத்தில் யூரியா, காற்றின் ஈரப்பதம் 72-75 சதவீதம் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கும். பொட்டாஷ் 84 வரை தாங்கும். இரண்டும் கலந்துவிட்டால் 60 போதும். ஐப்பசியில் நம்ம ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படி ஒரு ஐப்பசியில் தீபாவளிக்கு ஒன்பது நாள் ஷட்டவுன். முதலாளி வருகிறார் என்று புது மேனேஜர் ஸ்க்ரூ கன்வேயரை (திருகு சுற்றி உரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் மிஷின்) ஹோஸ் போட்டுக் கழுவச் சொன்னார்.

“சார், தண்ணி வேண்டாம். சுரண்டி எடுத்துட்டு, காத்தடிச்சு, எண்ணெய் பூசி வச்சிருவோம்.”

“அண்ணாச்சி, உங்க காலத்துப் படிப்ப மறங்க. மிஷின் பளபளன்னு இருக்கணும்.”

பளபளவென்றுதான் இருந்தது. ஓரங்களில் பாறையாக இறுகிக் கிடந்த உரத்துக்கு அடியில் போன தண்ணீர் மட்டும் வெளியே வரவில்லை. லீவு முடிந்து அடைப்பெடுக்க சுத்தியலால் தட்டியதும் அடித்தகடு அப்பளமாக நொறுங்கியது. ஒன்பது நாளில் தகடு கரையுமா என்று கேட்பீர்கள். கரையாது, ஏற்கெனவே மெலிந்திருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் “பராமரிப்பில் கவனக்குறைவு” என்ற மெமோ எனக்குத்தான் வந்தது.

ஆகவே நிறுத்துகிற அன்றே, உரம் இறுகுவதற்கு முன் சுரண்டிவிடுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் உர உப்பு மிச்சமில்லாமல் கழுவி, புளோயர் வைத்துக் காயவைத்து, கொஞ்ச நேரம் காலியாக ஓட்டுங்கள். எண்ணெய் பூசுவது எங்கள் யூனிட்டுக்குச் சரி. அமோனியம் நைட்ரேட் புழங்கும் இடத்தில் எண்ணெய், டீசல் பக்கமே போகாதீர்கள், அது தீயில் முடியும்.

‘எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் கவலை இல்லை’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். பொட்டாஷில் இருக்கும் குளோரைடு, 304 என்ற ரக எஸ்.எஸ். தகட்டில் ஊசிக்குத்தாக ஓட்டை போடும். 2-3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் அதைவிடத் தாக்குப்பிடிக்கும், அதுவும் சாகாவரம் பெற்றதில்லை. தேய்மானத்துக்கு ஸ்க்ரூ இலைகளின் விளிம்பில் ஹார்டு ஃபேசிங் வெல்டிங் (தேயாத கடின உலோகப் பூச்சு) போட்டோம், நன்றாக உழைத்தது.

இவ்வளவும் தெரிந்தவனுக்கு ஊரில் என்ன மரியாதை? என் அக்கா மகனும் ஃபிட்டர்தான். பாளையங்கோட்டையில் பெண் பார்க்கப் போனோம். “மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை இல்லையா?” என்று கேட்டுவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டு மாடிப்படிக் கைப்பிடி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: பேரிங்கில் கிரீஸ் ஏற்றும் மூக்கு, அதாவது கிரீஸ் நிப்பிள், பித்தளையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை விரிசல் விடும்.