அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய், எனக்கு 'பாசிட்டிவ்' அட்டை: ஆராய்ச்சி பேக்கேஜில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அப்போது அவருக்கு 61. எனக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, ஒரு அட்டையில் விட்டுப் பார்த்து, 'எச். பைலோரி பாசிட்டிவ்' என்றார்கள். அன்றிலிருந்து முகாம் ஆள் ஒருவர் தினமும் போன் செய்கிறார். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறதாம். வீட்டில் ஆறு பேரும் சேர்ந்தால் எண்டோஸ்கோபி, புது மருந்து எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய், முன்பணம் 5,000 என்கிறார். சேராவிட்டால் அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமாம். வீட்டில் கணவர், மாமனார், 14 வயது மகன், 10 வயது மகள், போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அம்மா. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த 5,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மறுபடி போன் வந்தால் 'எங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கறேங்க' என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆனால் ஆள் சரியில்லை என்பதற்காக அவர் சொன்ன எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமியையும் சேர்த்து மறந்துவிட வேண்டாம். கிருமி நிஜம். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2005-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அல்சர் என்றால் காரமும் கவலையும்தான் காரணம் என்ற பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்தான்.

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. கிருமி உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால் அவர்கள் ஆயுளில் இரைப்பைப் புற்றுநோய் வருவது 1 முதல் 3 பேருக்குத்தான். சேராவிட்டால் வரும் என்று போனில் மிரட்டுவது மருத்துவம் ஆகாது.

உங்கள் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால், மற்றவர்களைவிட ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும். உங்களைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தென் கொரியாவில், இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் 40 முதல் 65 வயதுக்குள் இருந்த, கிருமி உறுதியானவர்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்த 832 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய், வெறும் மாத்திரை எடுத்த 844 பேரில் 23 பேருக்கு. பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது.

அந்த 10 பேரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அவர்களில் 5 பேருக்கு, மருந்து எடுத்தும் கிருமி போகவே இல்லை. மருந்து சாப்பிட்டதாலேயே பலன் வந்துவிடவில்லை, கிருமி நிஜமாகவே ஒழிந்தவர்களுக்குத்தான் முழுப் பலன் கிடைத்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கொரியாவில் இந்த நோய் நம்மைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் அப்பாவுக்கு வந்திருக்கும்போது, கிருமி இருந்தால் ஒழித்துவிடுவதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, உங்களுக்குக் கிருமி இருக்கிறதா? அந்த அட்டையை வைத்துச் சொல்ல முடியாது. அது பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. திருடன் ஊரைவிட்டுப் போய் வருஷக்கணக்கான பிறகும் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் அவன் போட்டோ ஒட்டியபடியே இருக்குமல்லவா, அதுபோல. இப்போது தொற்று இருக்கிறதா என்று அறிய இந்த ரத்தப் பரிசோதனை போதாது என்று வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்லிப் பல வருஷமாகிறது. அப்படியும் முகாமுக்கு முகாம் அட்டை வருகிறது. ஏனென்றால் அட்டை மலிவு, ஐந்து நிமிஷத்தில் முடிவு, நம் ஊரில் பாதிப் பேருக்குப் பாசிட்டிவ். ஆள் பிடிக்க இதைவிட வசதியான கருவி கிடையாது. இந்த முகாம்களுக்கு அனுமதி கொடுப்பவர்கள், என்ன பரிசோதனை செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டால் என்ன? பாசிட்டிவ் என்று கேட்டுப் பதறிப்போய், நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது கிருமி இருக்கிறதா என்று காட்டுபவை மூன்று. யூரியா மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமியின் துகளையே தேடும் ஆன்டிஜென் பரிசோதனை, எண்டோஸ்கோபி செய்யும்போது எடுக்கும் சதைத்துணுக்குப் பரிசோதனை. உங்கள் வயதையும் அப்பாவின் நோயையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு ஒரு தடவை எண்டோஸ்கோபி செய்துவிடுவதே நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொள்ளலாம், காத்திருக்க வேண்டியிருக்கும். செய்யும்போது 'இரைப்பையோட கீழ்ப்பக்கம், நடுப்பக்கம் ரெண்டிலயும் துணுக்கு எடுங்க, அப்பாவுக்கு கேன்சர் இருந்துச்சு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. உள்சுவர் அழற்சியாகி, மெலிந்து, குடலின் சுவர்போல மாறி, அப்புறம்தான் அடுத்த கட்டம். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சுவர் மாறுவதற்கு முன் கிருமியை ஒழித்தால் பலன் அதிகம். மாறியிருந்தால் கிருமியை ஒழித்த பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

மூச்சோ மலமோ சதைத்துணுக்கோ, எந்தப் பரிசோதனைக்கு முன்பும் பான்டோபிரசோல், ரபிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் (இதுவும் ஒரு வயிற்று மருந்து) என்றால் நான்கு வாரம். நிறுத்தாமல் செய்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். கால்வலிக்குப் போனாலும் ஒரு கேஸ் மாத்திரை எழுதிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடையில் கேட்டாலும் கொடுக்கிறார்கள். அதனால் இந்த ஊரில் வரும் 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டில் எத்தனையை நம்பலாம் என்றே தெரியவில்லை.

இங்கே உங்கள் அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டில் போய் 'கேஸ் மாத்திரையை நிறுத்தணுமாம்' என்று சொன்னால் அம்மாவும் நிறுத்திவிடக்கூடாது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும், அதோடு இன்னொன்றும் எடுத்துக்கொண்டிருப்பார். அவை இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கலாம். அதைத் தடுக்கத்தான் இதய மருத்துவர் கேஸ் மாத்திரை கொடுத்திருப்பார். அவருக்கு அது காவல். அதைவிடப் பெரிய ஆபத்து, எது கேஸ் மாத்திரை, எது இதய மாத்திரை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவது. ஆஸ்பிரினை நிறுத்தி ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வரும். வயிற்றுப் பரிசோதனைக்காக இதயத்தை இழக்க முடியுமா? அம்மாவுக்குக் கிருமி பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் ஆஸ்பிரின் எடுப்பவருக்குக் கிருமியும் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும், அதனால் பார்ப்பது நல்லதே. ஆனால் இதய மருத்துவரைக் கேட்டுத்தான். பரிசோதனைக்கு முன் அந்த இரண்டு வாரத்துக்கு ஃபாமோடிடின் போன்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாமா, அல்லது இன்னும் சில மாதம் தள்ளிப்போடலாமா என்று அவர் சொல்லட்டும். கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடாதீர்கள். இதை எழுதி அம்மாவின் மாத்திரை டப்பா மேலேயே ஒட்டிவையுங்கள்.

பிள்ளைகள் இருவருக்கும் இப்போது எதுவும் வேண்டாம். கணவரும் மாமனாரும் அப்பாவின் ரத்த சொந்தம் இல்லை. அவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு இருந்தால் அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கிருமி உறுதியானால் மருந்து 14 நாள். மருந்துக்கடையில் 'கிட்' என்று ஒரே அட்டையில் 7 நாளைக்கு வருவதை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி மெட்ரானிடசோல், லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்குப் பெருமளவில் பழகிவிட்டது, கிளாரித்ரோமைசினுக்கும் பல இடங்களில் பழகி வருகிறது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கி நாமே பழக்கிவிட்டோம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடைமுறையில் யார் பார்க்கிறார்கள்? இப்போது உலக அளவில் முதலில் பரிந்துரைப்பது நான்கு மருந்துக் கூட்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரானிடசோல். மெட்ரானிடசோலுக்குப் பழகிய கிருமியைக்கூட, முழு அளவில் 14 நாள் கொடுத்தால், இந்தக் கூட்டு பெரும்பாலும் வென்றுவிடும். டெட்ராசைக்ளின் தேடி அலைய வேண்டியிருக்கும். 'டாக்ஸிசைக்ளின் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்' என்று கடையில் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். இந்தக் கிருமிக்கு இரண்டும் ஒன்றல்ல. பாலோடும் பால் காப்பியோடும் சேர்த்து டெட்ராசைக்ளின் மாத்திரையைப் போடக்கூடாது, உடம்பில் ஏறாது. பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், பயப்படாதீர்கள். வாய் கசக்கும், குமட்டும். ஐந்தாம் நாள் 'நல்லாயிடுச்சு' என்று நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த வருஷம் திரும்பி வருகிறார்கள். மணத்தக்காளிக் கீரை வயிற்றுக்கு இதமானது, தாராளமாகச் சாப்பிடுங்கள். கிருமி அதற்குப் போகாது. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, அதில் கடைசி இரண்டு வாரமாவது கேஸ் மாத்திரை இல்லாமல் இருந்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் ரத்த அட்டை உதவாது, கிருமி போன பிறகும் அது பாசிட்டிவ் காட்டும். அதைக் காட்டியே ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று தடவை மருந்து விற்றிருக்கிறார்கள். கொரியாவின் அந்த 5 பேரை நினைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக அந்த 'ஆராய்ச்சி'. உண்மையான மருத்துவ ஆராய்ச்சியில் சேருவது நல்ல காரியம். மேலே சொன்ன கொரியக் குடும்பங்கள் சேர்ந்ததால்தான் உங்களுக்கு இன்று நான் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஆராய்ச்சிக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் சேருகிறவர் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி, புது மருந்து ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தந்து, கையெழுத்து வாங்கி, அதில் ஒரு பிரதியை உங்கள் கையிலும் கொடுக்க வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அதன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு உங்கள் மகனே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அந்த ஆளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? பொறுப்பு மருத்துவர் யார்? தமிழில் விளக்கத் தாள் எங்கே? அப்புறம் போன் வராது.

ஆராய்ச்சி என்ற பேரைச் சொல்லிப் பணம் பிடுங்குகிறவர்களால், நிஜமான ஆய்வுக்கு நாங்கள் கூப்பிட்டாலும் 'எங்களை வெச்சு மருந்து டெஸ்ட் பண்றீங்களா' என்று சனங்கள் ஒதுங்கிப்போகிறார்கள். நம் மண்ணில் எந்தக் கூட்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அறிய நம் சனங்களை வைத்துத்தான் ஆய்வு செய்ய முடியும்.

எண்டோஸ்கோபிக்குப் போகும்போது அப்பாவின் பழைய பயாப்ஸி (சதைத்துணுக்கு) ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் மேலே உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். நடுவில் எடை குறைந்தாலோ, பிஸ்மத் எடுக்காதபோது மலம் தார்போல் கறுத்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ வரிசை முறைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.