வரிசையில் முதலில் நிற்பது யார்?

கேள்வி: புதிதாக ஒரு கன்சோல் (வீடியோ கேம் ஆடும் இயந்திரம்) வரும்போது அதன் அறிமுக வரிசை, அதாவது அதோடு விற்பனைக்கு வரும் கேம்களின் வரிசை, வலுவாக இருக்க எத்தனை கேம்கள் வேண்டும்? ஒரு ஷூட்டர், ஒரு ரேஸிங், ஒரு ஸ்போர்ட்ஸ், ஒரு ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம்) என்று ஆளுக்கு ஒன்று இருந்தால் போதாதா?

பதில்: நீங்கள் கேட்டது எண்ணிக்கை. என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் எழுதிய 'வரிசை' என்ற சொல். மற்றவர்கள் எல்லாம் 'பட்டியல்' என்றுதான் எழுதுகிறார்கள். பட்டியலில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. வரிசை அப்படியல்ல. ஒருவர் முதலில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்று, தங்கள் முறை வரும்போது முன்னால் வர வேண்டும். ஒரு கன்சோல் பிழைப்பதும் படுப்பதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

1996 ஜூனில் ஜப்பானில் நின்டெண்டோ 64 வந்தபோது கூடவே வந்தவை மூன்றே கேம்கள். சூப்பர் மாரியோ 64, வானில் பறக்கும் பைலட்விங்ஸ் 64, அப்புறம் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி. செப்டம்பரில் அமெரிக்காவுக்குப் போனபோது ஷோகியும் கழன்றுகொண்டது. ஷூட்டர் இல்லை, ரேஸிங் இல்லை, ஆர்பிஜி இல்லை. உங்கள் கணக்கில் அது முட்டை மார்க். ஆனால் முன்னால் நின்றது மாரியோ. கோட்டைக்கு வெளியே ஒரு புல்வெளி. அங்கே எதிரி ஒருவர்கூட இல்லை, நேரக் கெடுவும் இல்லை. ஸ்டிக்கை லேசாகத் தள்ளினால் மாரியோ மெதுவாக நடப்பான், அழுத்தித் தள்ளினால் ஓடுவான். மரத்தில் ஏறலாம், அகழியில் குதித்து நீந்தலாம். பத்து நிமிடம் அங்கேயே சுற்றினால் போதும், அந்தக் கன்ட்ரோலரின் நடுவில் ஏன் அப்படியொரு ஸ்டிக்கை வைத்தார்கள் என்பது கட்டைவிரலுக்குப் புரிந்துவிடும். முதல் கேமின் வேலை அதுதான். இந்த இயந்திரம் எதற்காக என்பதைக் கைக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத கேம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வரிசையில் பின்னால் போய் நிற்கட்டும்.

சரி, 'ஆளுக்கு ஒன்று' என்பதற்கு வருகிறேன். அதைச் செய்து பார்த்தது நின்டெண்டோவின் வீ யூ கன்சோல். 2012 நவம்பரில் அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட கேம்களோடு வந்தது. மாஸ் எஃபெக்ட் 3, பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி, அசாசின்ஸ் க்ரீட் 3 என்று எல்லா ரசனைக்கும் இருந்தது. ஆனால் அவற்றில் பல, மக்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த கன்சோலுக்கு வந்துவிட்டவை. அங்கே விளையாடி முடித்ததை இங்கே மறுபடி வாங்க யார் புது இயந்திரம் வாங்குவார்கள்? முதல் நாள் கூட்டம் கலைந்தபின் பின்னால் திரும்பிப் பார்த்தால் வரிசையில் ஆளே இல்லை. 2013 பிப்ரவரியில் வர வேண்டிய ரேமன் லெஜெண்ட்ஸ், மற்ற கன்சோல்களுக்கும் சேர்த்து வெளியிடுவதற்காக செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. பிக்மின் 3 வர அந்த வருடத்தின் பாதி கடந்துவிட்டது. கடைசிவரை வீ யூ விற்றது சுமார் 1 கோடியே 35 லட்சம்தான்.

அதே நின்டெண்டோ 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்சை இறக்கியது. அன்று பெரிய பெயர் என்று சொல்ல ஒன்றே ஒன்று, செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட். "அதுவும் அதே நாளில் வீ யூ-வுக்கும் வந்ததே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?" என்று என்னோடு அன்று சண்டை போட்ட நண்பர்கள் இன்றும் விட்டபாடில்லை. நானும் விடுவதாக இல்லை. டிவியில் ஒரு மலையில் பாதி ஏறிவிட்டு, இயந்திரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய் படுக்கையில் மீதி மலையை ஏறலாம். வீ யூ-வில் அது முடியாது. முதலில் நின்றவர் தன் வேலையைச் செய்துவிட்டார். பின்னால் வந்தவர்களைப் பாருங்கள்: ஏப்ரலில் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஜூனில் ஆர்ம்ஸ், ஜூலையில் ஸ்ப்ளட்டூன் 2, அக்டோபரில் மாரியோ ஒடிசி. எல்லாவற்றையும் மார்ச்சிலேயே கொட்டியிருந்தால் மே மாதத்தில் பேச என்ன இருந்திருக்கும்?

வரிசையை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோல். 1995 செப்டம்பரில் வருவதாக அறிவித்திருந்ததை, மே மாதக் கண்காட்சி மேடையிலேயே "இன்றே கடையில் கிடைக்கும்" என்று அறிவித்தார்கள். சோனியின் பிளேஸ்டேஷனை முந்த வேண்டும் என்ற அவசரம். ஆனால் வெளி நிறுவனங்கள் செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்தன. அதனால் ஒரு சில கேம்களோடு மாதக்கணக்கில் வெறுமனே நிற்க வேண்டியதாயிற்று. சரக்கு தரப்படாத கடைக்காரர்களும் கோபித்துக்கொண்டார்கள்.

ஆனால் வலுவான வரிசையும் சில சமயம் காப்பாற்றாது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் வந்த நாளைப்போல ஓர் அறிமுகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது என் முடிவு. சோல்காலிபர், சோனிக் அட்வென்ச்சர், பவர் ஸ்டோன், ஹவுஸ் ஆஃப் தி டெட் 2. எல்லாம் முதல் நாளே. இருந்தும் 2001 மார்ச்சில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வென்றது யார்? சுமாரான கேம்களோடு வந்த பிளேஸ்டேஷன் 2. அது டிவிடி ஓட்டியது. முந்தைய கன்சோலின் கேம்களும் அதில் ஓடின. அதாவது, பழைய அலமாரி மொத்தமும் முதல் நாளே வரிசையில் வந்து நின்றுவிட்டது. பழைய கேம்கள் ஓடாத புது இயந்திரத்தை நான் ஆதரிக்கவே மாட்டேன். இதைப் பல இதழ்களில் எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

இன்னொன்றும் விடாமல் எழுதிவருகிறேன்: முதலில் நிற்கும் கேம் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். 1977இல் அடாரி தன் கன்சோல் பெட்டிக்குள் 'காம்பாட்' என்ற கேமை வைத்தது. 1989இல் அமெரிக்காவில் கையடக்கக் கன்சோலான கேம் பாயோடு மாரியோவைத் தராமல், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸைத் தரச்சொல்லி நின்டெண்டோவை மசிய வைத்தவர் கேம் வெளியீட்டாளர் ஹென்க் ரோஜர்ஸ். மாரியோ சிறுவர்களை இழுக்கும், டெட்ரிஸ் எல்லாரையும் இழுக்கும் என்பது அவர் வாதம். அவர் சொன்னபடியே பெரியவர்களும் அந்தச் சின்னத் திரைக்குள் தலையைக் கவிழ்த்தார்கள். 2006இல் வந்த வீ கன்சோலின் வீ ஸ்போர்ட்ஸும் ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் பெட்டியோடுதான் வந்தது. தாத்தா பாட்டிகள் ரிமோட்டை வீசி பௌலிங் ஆடினார்கள். 2020இல் பிளேஸ்டேஷன் 5க்குள் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் இலவசமாகவே ஏற்றப்பட்டிருந்தது. மணலில் நடந்தால் கன்ட்ரோலரில் ஒரு அதிர்வு, கண்ணாடியில் நடந்தால் வேறு அதிர்வு. ஸ்விட்ச் 2-இன் திறமைகளைச் சுற்றிக் காட்டும் வெல்கம் டூர்-ஐ 2025இல் நின்டெண்டோ தனியாகக் காசுக்கு விற்றது. ஒரு பொருளை விற்றுவிட்டு அதன் விளக்கத்துக்கும் காசு கேட்பது தவறு.

விளக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் கார்ட்ரிட்ஜ் பெட்டிக்குள் ஒரு சின்ன அச்சுக் கையேடு இருக்கும். எதிரிகளின் படம், அவர்களின் பெயர், கடைசியில் குறிப்பு எழுதிக்கொள்ள வெற்றுப் பக்கம். வீடு வந்து சேர்வதற்குள் அதைப் பாதி படித்திருப்போம். இன்று பெட்டியைத் திறந்தால் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது. புது கன்சோல் கொண்டுவருகிறவர்கள் அந்த முதல் கேமுக்காவது ஒரு கையேடு அச்சடித்துத் தரட்டும். இருபது பக்கம் போதும்.