கேட்டலினா 27 வாங்கலாமா, அல்பின் வேகாவா? பழைய பாய்மரப் படகு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு 27 அடிப் படகுகளைப் பற்றியவை. ஒன்று, கலிபோர்னியாவில் 1971 முதல் 1991 வரை கட்டப்பட்ட கேட்டலினா 27. மற்றொன்று, பெர் புரோஹெல் வடிவமைத்து 1970-களின் கடைசி வரை ஸ்வீடனில் கட்டப்பட்ட அல்பின் வேகா. கேட்டவர்களில் பலர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பவர்கள் என்பதால் பதில்களும் அந்தத் தண்ணீரை மனத்தில் வைத்தே.

வார இறுதிகளில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு செசபீக் விரிகுடாவில் சுற்ற எது நல்லது?

கேட்டலினா. யோசிக்கவே வேண்டாம். அதன் அகலம் சுமார் 2.7 மீட்டர், வேகா 2.46 மீட்டர்தான். ஒரு சாண்தானே என்று தோன்றும். மழைக்கு ஒதுங்கி நாலு பேர் உள்ளே உட்காரும்போது தெரியும். ஆறடி ஆள் கேட்டலினாவில் நிமிர்ந்து நிற்கலாம், வேகாவில் தலை இடிக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். செசபீக்கின் ஓடைகள் பல இடங்களில் ஆழமில்லாதவை. ஆழம் குறைந்த கீல் (படகு கவிழாமல் அடியில் தொங்கும் கனமான துடுப்பு போன்ற பகுதி) வைத்த கேட்டலினா கண்ணில் பட்டால் அதையே எடுங்கள்.

கடல் கடக்க வேகாதான் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2011 ஜூனில் மேட் ரதர்ஃபோர்ட் ஒரு வேகாவில் செசபீக் கரையிலுள்ள அனாபொலிஸிலிருந்து தனியாகக் கிளம்பினார். கனடாவின் வடக்கே உறைபனிக் கடலில் ஓடும் வடமேற்குப் பாதை வழியாகப் போய், தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைச் சுற்றி, எங்கும் கரையேறாமல் 309 நாட்களில் திரும்பி வந்தார். வேகாவின் கீல் நீளமானது, நேர்கோட்டில் நன்றாகப் போகும். எடைக்கான இரும்பு, படகின் ஃபைபர் (கண்ணாடி இழை) உடலுக்கு உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. கழன்று விழ போல்ட் எதுவும் இல்லை.

அதற்காகக் கேட்டலினா கடலுக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. பேட்ரிக் சைல்ட்ரஸ் 1979-82-இல் கேட்டலினா 27-இல் தனியாக உலகையே சுற்றி வந்தார். ஆனால் அது அவருடைய திறமைக்கும் பொறுமைக்கும் சான்று. அந்தப் படகைக் கட்டியவர்கள் மனத்தில் வைத்திருந்தது கரையோரப் பயணத்தை. அட்லாண்டிக் நடுவிலுள்ள பெர்முடா தீவுக்குப் போகவே ஆசை என்றால் என் ஓட்டு வேகாவுக்கு.

வாங்குமுன் நானே எதைப் பார்க்கலாம்?

சர்வேயரை, அதாவது படகைச் சோதித்து நிலைமை சொல்லும் நிபுணரை, அழைக்கும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். பல படகுகளை அந்த அரை நாளிலேயே கழித்துவிடலாம்.

கேட்டலினாவைக் கரையில் ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். ஈயக் கீல் உடலோடு சேரும் கோட்டின் முன்முனையில், சிரிக்கும் வாய் போல ஒரு விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஊர் முழுக்க அதற்குக் ‘கேட்டலினா ஸ்மைல்’ என்றே பெயர். விரிசல் இருப்பதாலேயே படகைத் தள்ளிவிட வேண்டாம். உள்ளே போய்த் தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்களைப் பாருங்கள். பழைய படகுகளில் அவை சாதா இரும்பு. நட்டு உப்பித் துருவேறி, விரலால் தேய்த்தால் ஏடு ஏடாக உதிர்ந்தால் செலவு பெரிது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வேகாவில் பார்க்க வேண்டியது பாய்மரத்தின் அடி. பாய்மரம் மேல்தளத்தில்தான் நிற்கிறது, அதன் அழுத்தம் முழுவதையும் உள்ளே ஒரு உத்தரம் தாங்குகிறது. வருடக்கணக்கான அழுத்தத்தில் அது இறங்கிவிடும். கேபின் கூரையில் குறுக்காக ஒரு நேர்ச்சட்டத்தை வையுங்கள். பாய்மரத்தின் அடியில் குழிவு தெரிந்தாலோ, மழை பெய்தபின் அங்கே தண்ணீர் தேங்கினாலோ, முன்னறைக் கதவு மேலே உரசினாலோ உத்தரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் பாய்மரத்தை இறக்க வேண்டியிருக்கும்.

படகுக் கிளப்புகளின் புதன்கிழமை மாலைப் பந்தயங்களுக்கு எது நல்லது?

கேட்டலினா. ஆயிரக்கணக்கில் கட்டியிருப்பதால், கேட்டலினாக்கள் நிறைய உள்ள ஊர்களில் ஒரே ரகப் படகுகளுக்குள்ளேயே போட்டி நடத்தலாம். மெதுவான படகுக்கு நேரச் சலுகை தரும் ஹேண்டிகேப் பந்தயத்தில் வேகாவுக்கு நேரச் சலுகை கூடுதலாகக் கிடைக்கும். அதை வைத்து ஜெயிப்பவர்களும் உண்டு, ஆனால் மெல்லிய காற்றில் வேகா மந்தம். எந்தப் படகானாலும் தொங்கிப்போன பழைய பாய்களோடு பந்தயத்துக்குப் போகாதீர்கள். முதல் செலவு புதிய ஜெனோவாவாக, அதாவது பெரிய முன்பாயாக, இருக்கட்டும்.

கேட்டலினாவில் ‘அட்டாமிக் 4’ பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியான புளோயரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அடித்தளத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடக் கூடாது. வேகாவில் பெரும்பாலும் டீசல்தான். ஆனால் அதன் பழைய வோல்வோ இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைய நேரும்.

வாடகை மிச்சப்படுத்தி வருடம் முழுக்க படகிலேயே குடியிருக்க நினைக்கிறேன்.

ஒருவர் என்றால் இரண்டிலும் முடியும், இருவர் என்றால் கேட்டலினா மட்டும்தான். குளிர்காலத்தில் உங்கள் மூச்சே ஃபைபர் சுவரில் நீராக வழிந்து மெத்தைக்குப் பின்னால் பூஞ்சணமாக நிற்கும். மெத்தைக்கு அடியில் காற்றோடும்படி பலகைச் சட்டம் போடுங்கள், ஹீட்டர் எரியும்போதும் ஒரு காற்றுத்துளையைத் திறந்தே வையுங்கள். கழிவுநீரை அப்படியே கரையோரக் கடலில் விடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். ஆகவே கழிவுத் தொட்டி இருக்கிறதா, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பாருங்கள். அப்புறம், எல்லா மரீனாவும் (படகு கட்டும் துறை) குடியிருக்க விடாது. சில இடங்களில் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுவார்கள். முன்பணம் கொடுக்கும் முன் மரீனாவின் அனுமதியையும், இந்த வயதுப் படகுக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.