ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மதுரை வில்லாபுரத்தில் ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு) கருவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எனச் சுற்றியுள்ள நாற்பது ஊர்களுக்கும் ஒரே பக்கத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போடலாம் என்கிறார் இணையதளம் செய்து தருபவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பல ஊர்ப் பெயர்களில் தேடுபவர்களைப் பிடித்து ஒரே இடத்திற்கு அனுப்புவதற்காகவே உருவாக்கப்படும் இத்தகைய பக்கங்களை, கூகுளின் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் உத்திகள்) விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. உங்கள் ஆட்கள் வழக்கமாகப் போய்வரும் நான்கைந்து ஊர்களுக்கு மட்டும் தனிப் பக்கம் எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் என்றால், அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நீங்கள் அளந்த டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) எவ்வளவு, மெம்பரேன் (கருவியில் நீரை வடிகட்டும் சவ்வு) எத்தனை மாதங்களில் அடைத்துக்கொள்கிறது, எந்தக் கிழமைகளில் ஆள் வருவார், வந்துபோகத் தனிக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம், அந்த ஊரில் நீங்கள் பொருத்திய கருவிகளின் படங்களோடு எழுதலாம். இவற்றை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. இப்படிச் சொல்ல ஒன்றும் இல்லாத ஊர்களை, முதன்மைப் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

கேள்வி: மதுரை அண்ணா நகரில் பல் மருத்துவமனை நடத்துகிறோம். சென்னையிலிருந்தே அழைப்புகள் வருகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணா நகர் சென்னையிலும் இருக்கிறது, கே.கே. நகரும் திருமங்கலமும் அப்படியே. ஆகவே பக்கத்தின் தலைப்பு, முகவரி, ஸ்கீமா குறியீடு (பக்கத்தின் விவரங்களைத் தேடுபொறிக்குப் புரியவைக்கும் குறியீடு) ஆகிய மூன்றிலும் மதுரை என்ற பெயரையும் பின்கோடையும் தவறாமல் சேர்த்து, பக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழியையும் எழுதுங்கள்.

கேள்வி: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரங்களைக் காட்டும் பக்கம்) கடைப் பெயருடன் "மதுரையில் சிறந்த" என்று சேர்க்கலாமா?

பதில்: கூடாது. பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் அங்கும் இருக்க வேண்டும். மீறினால் ப்ரொஃபைலே முடக்கப்படலாம்.

கேள்வி: செல்லூரில் வீட்டிலிருந்தபடியே ஏ.சி. மெக்கானிக் வேலை செய்கிறேன். வீட்டு முகவரியை அந்த ப்ரொஃபைலில் காட்ட வேண்டுமா?

பதில்: வாடிக்கையாளர்கள் வீட்டிற்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளாக 20 இடங்கள் வரை குறிப்பிடலாம். ஆனால் இருபதையும் நிரப்பிவிட்டதால் மட்டும் இருபது இடங்களிலும் முதலில் வந்துவிட மாட்டீர்கள். பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்துகிறது. திருநகரில் தேடுபவருக்கு வரைபடத்தில் அப்பகுதி மெக்கானிக்குகளே முன்னால் வர வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே வேலை வேண்டுமென்றால், வரைபடத்திற்குக் கீழே வரும் சாதாரண முடிவுகளில் இடம்பிடிக்கக்கூடிய திருநகர்ப் பக்கம் ஒன்றை, முதல் பதிலில் சொன்ன முறைப்படி எழுதுங்கள்.