புரோட்டோபஃப் டிஸ்கிரிப்டர் பிழை: பழைய புரோட்டோக்தான் காரணம்

தம்பி, சுங்கை சிப்புட் தோட்டத்துச் செம்பனைக் குலை எடைக் கணக்கை பைத்தானில் ஓட்டினால், டிஸ்கிரிப்டரை (தரவின் அமைப்பு விவரத்தை) நேரடியாக உருவாக்க முடியாதுன்னு பிழை வருதுன்னு கேட்டிருந்தீங்க. நிறுவல் கெடவில்லை. தரவைப் பைட்டுகளாக்கி அனுப்ப உதவுற புரோட்டோபஃபின் இரண்டு பக்கமும், அதாவது நிரலை எழுதித் தர்ற புரோட்டோக்கும் அதை ஓட்டுற பைத்தான் நூலகமும், பதிப்பில் ஒத்துப்போகவில்லை. உங்க உபுண்டு 22.04-இல் ஆப்ட் (உபுண்டுவின் நிறுவல் கருவி) கொடுக்கிற புரோட்டோக் 3.12.4. பிப் (பைத்தானின் நிறுவல் கருவி) இறக்கியதோ புது நூலகம். 2022-இல் வந்த 4.21 பதிப்பு முதல், 3.19-க்கு முந்திய புரோட்டோக் எழுதிய நிரலை அந்த நூலகம் ஏற்காது.

ஆப்டில் போட்டதை விட்டுடுங்க. வெர்ச்சுவல் என்வைரன்மென்ட் (இந்த வேலைக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) திறந்து, பிப் வழியா ஜிஆர்பிசிஐஓ-டூல்ஸ் (grpcio-tools) என்ற தொகுப்பைப் போடுங்க. புரோட்டோக் அதுக்குள்ளேயே இருக்கு. அதை வைத்து, தரவின் அமைப்பை எழுதி வைத்திருக்கிற புரோட்டோ கோப்பிலிருந்து பைத்தான் நிரலை மறுபடி உருவாக்குங்க. நூலகத்தை 3.20-க்கு இறக்கினாலும் ஓடும்தான், ஆனா அது ஒட்டுப்போடுற வேலை.

ஆபீசில் இருக்கிற ஜாவா பக்கத்தைத் தொடவே வேண்டாம், அனுப்புற பைட்டுகளின் வடிவம் மாறலை.